தசை செல்லுக்குத் தடம் போடும் பரப்பு: சாலும் வரப்பும் நாரும் எவ்வளவு உதவும்?

கேள்வி இது: ஆய்வகத்தில் தசைத் திசு வளர்க்கும்போது அடிப்பரப்பை வழவழப்பாக விடாமல், அதில் நுண்ணிய சால்களையோ நார்களையோ அமைத்தால் தசை நன்றாக உருவாகுமா? ஆகுமென்றால் என்ன அளவில், எந்தப் பொருளில், எப்படிச் செய்வது?

சுருக்கமாகச் சொன்னால், செல்களுக்குத் திசை கிடைக்கும். அதில் சந்தேகமே வேண்டாம். முதிர்ந்த தசை கிடைக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்குப் பரப்பின் வடிவத்தோடு விறைப்பு, செல் பற்றிக்கொள்ளப் பூசும் ஒட்டுப்புரதம், செல்களின் நெருக்கம், ஊடகத்தை (செல் வளரும் சத்துக் கரைசலை) மாற்றும் நேரம் என நான்கைந்து காரணிகள் சேர வேண்டும். செல்கள் அழகாக வரிசையில் நிற்கும் படத்தைப் பார்த்து "தசை உருவாகிவிட்டது" என்று முடிவு கட்டுவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை.

திசை ஏன் முக்கியம் என்பதிலிருந்து தொடங்கலாம். மயோபிளாஸ்ட் எனப்படும் ஒற்றை உட்கரு முன்செல்கள் அருகருகே வந்து, சவ்வோடு சவ்வு கலந்து, பல உட்கருக்கள் கொண்ட தசைக்குழலாகின்றன. குழலுக்குள் 2 முதல் 2.5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள சார்கோமியர்கள் (தசையின் சுருங்கும் அலகுகள்) ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்படும்போது சுருங்கும் விசை பிறக்கிறது. குழல்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கிடந்தால் ஒன்றின் இழுப்பை இன்னொன்று தின்றுவிடும். வழவழப்பான தட்டில் நடப்பது இதுதான். அங்கும் செல்கள் நெருங்கிய பிறகு ஒன்றை ஒன்று பார்த்து வரிசையாகப் படுக்கும். ஆனால் அந்த ஒழுங்கு சில நூறு மைக்ரோமீட்டர் தூரம்தான் நிற்கும். அடுத்த திட்டு வேறு திசையில் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் தலைச்சுழி போல ஒரு சுழி விழும். பரப்பில் பதித்த சால்கள் செய்யும் முதல் வேலை, இந்தத் திட்டுகளையெல்லாம் ஒரே திசைக்குக் கொண்டுவருவது.

செல் தன் காலடியில் உள்ள வடிவத்தைப் பின்பற்றும் என்பது பழைய செய்தி. 1910களிலேயே ராஸ் ஹாரிசன் சிலந்தி நூலைப் பற்றிக்கொண்டு கருச்செல்கள் நீள்வதைக் கண்டார். பால் வைஸ் பின்னர் இதைத் தொடுவழிகாட்டல் என்ற கருத்தாக வளர்த்தார். செல் எப்படி உணர்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெளிவானது. செல் தன் ஓரத்திலிருந்து நூறு முதல் முந்நூறு நானோமீட்டர் தடிமனுள்ள மெல்லிய விரல்களை நீட்டித் துழாவுகிறது. அந்த விரல் வரப்பின்மேல் நீளவாக்கில் படிந்தால், செல்லைப் பரப்போடு பிணைக்கும் இன்டெக்ரின் புரதங்கள் நெருக்கமாகக் கூடி ஒட்டுப்புள்ளி வளர்கிறது. வரப்பைக் குறுக்கே தாண்ட முயன்றால் ஒட்டுப்புள்ளி பாதியில் அறுந்துபோகிறது. இன்டெக்ரின்களுக்கு இடையே ஏறத்தாழ 70 நானோமீட்டருக்கு மேல் இடைவெளி விழுந்தாலே ஒட்டுப்புள்ளி உறுதியாக நிற்பதில்லை என்பதை நினைவில் வைத்தால் இது விளங்கும். நீளவாக்கில் நிலைத்த ஒட்டுப்புள்ளிகளுக்கு இடையே செல்லின் உட்சட்டமான ஆக்டின் புரதக் கம்பிகள் இழுத்துக் கட்டப்படுகின்றன. அந்த இழுப்பில் செல்லும் நீள்கிறது, உட்கருவும் நீள்கிறது.

இனி அளவு. சாலின் அகலம், வரப்பின் அகலம், ஆழம் ஆகிய மூன்றில் ஆழத்தைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். செல்களைச் சால்களில் வளர்த்து 1990-ல் வெளியான பீட்டர் கிளார்க் குழுவின் ஆய்விலேயே, சால்களின் இடைவெளியைவிட ஆழம்தான் அதிகம் பேசுகிறது என்பது தெரிந்துவிட்டது. எலும்புத்தசை மயோபிளாஸ்ட்டுக்கு நடைமுறையில் நல்ல தொடக்கம்: சால் 5 முதல் 10 மைக்ரோமீட்டர், வரப்பும் அதே அளவு, ஆழம் 2 முதல் 5 மைக்ரோமீட்டர். பரவிய மயோபிளாஸ்ட்டின் அகலம் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் இருப்பதால், அதற்குள் குறைந்தது ஒரு சால் விளிம்பாவது சிக்கும். சாலை 50, 100 மைக்ரோமீட்டர் என்று அகலமாக்கினால் சுவரோரத்துச் செல்கள் மட்டும் திரும்பும், நடுவில் உள்ளவை சுவர் இருப்பதையே அறியாது. ஆழத்தை 20 மைக்ரோமீட்டருக்கு மேல் கொண்டுபோனால் வேறு தொல்லை: பக்கத்துப் பக்கத்துச் சால்களில் உள்ள செல்கள் ஒன்றையொன்று தொடவே முடியாது. ஒழுங்கு பிரமாதமாக இருக்கும். குழல்களோ மெலிந்து, தனித்தனிக் கால்வாய்களில் கிடக்கும்.

நானோ அளவிலும் செல்கள் திரும்பும். ஆனால் மிக நுண்ணிய சால்களில் மயோபிளாஸ்ட்டுகள் கச்சிதமாக வரிசைப்பட்டும் இணைவு குறைந்துபோனதாக 2002-ல் கிளார்க், டன், நிப்ஸ், பெக்கம் ஆகியோர் காட்டினார்கள். வரிசை கூடினால் இணைவும் கூடும் என்று நினைத்தவர்களுக்கு அது நல்ல எச்சரிக்கை. இணைவுக்குச் செல்கள் நகர்ந்து, சந்தித்து, பக்கவாட்டிலும் ஒட்ட வேண்டும். சவ்வுகளைக் கலக்கும் வேலை மயோமேக்கர் (2013-ல் கண்டறியப்பட்டது), மயோமிக்சர் (2017) என்ற புரதங்களுடையது. பரப்பு செய்யக்கூடியது செல்களைச் சந்திப்புக்குக் கொண்டுவருவது மட்டுமே. செல்களைத் தடத்தில் இறுக்கிப் பூட்டிவிட்டால் அந்தச் சந்திப்பும் குறையும்.

திசையற்ற சொரசொரப்பு, அதாவது மணல் தேய்த்தது போன்ற பரப்பு, எலும்பு செல்களுக்குப் பயன்படும் அளவுக்குத் தசைக்குப் பயன்படாது. ஒட்டுதலைக் கொஞ்சம் கூட்டலாம், திசை தராது. தூண் வரிசைகளும் அப்படித்தான். விசையை அளக்க அவை அருமையான கருவி. வரிசைப்படுத்த வேண்டுமென்றால் சாலும் நாரும்தான்.

முதிர்ச்சிக்கு வருவோம். சாரெஸ்ட், கார்சியா, கிங் ஆகியோர் 2007-ல் சால்களையும் குழிகளையும் பல வேதிப்பூச்சுகளோடு சேர்த்துச் சோதித்தார்கள். சால்கள் மயோபிளாஸ்ட்டுகளை நன்றாகத் திருப்பின; தசைப் புரதம் காட்டும் செல்களின் விகிதத்தைக் குறிப்பிடும்படி மாற்றவில்லை. இன்னொரு பக்கம் 2006-ல் ஹுவாங் குழுவினர் வரிசையான பாலிலாக்டைடு நானோநார்களில் தசைக்குழல்கள் நீளமாகவும் வரித்தன்மையோடும் (சார்கோமியர் வரிசை குறுக்குக் கோடுகளாகத் தெரிய) வளர்வதைக் கண்டார்கள். இரண்டும் முரண் போலத் தோன்றும். அளந்தது எது என்று பார்த்தால் முரண் பெரும்பாலும் கரைந்துவிடும். எத்தனை செல் தசையாகத் தலைப்பட்டது என்பது ஒரு கணக்கு. தலைப்பட்டவை எவ்வளவு நீளமான குழலாக இணைந்தன என்பது வேறு கணக்கு. பரப்பின் வடிவம் இரண்டாவதைத்தான் வலுவாகத் தொடுகிறது.

சார்கோமியர் வரிகள் தோன்றுவதில் விறைப்பின் கை ஓங்கியிருக்கிறது. 2004-ல் எங்லர் குழுவினர், தசையின் இயல்பான விறைப்பை ஒத்த சுமார் 12 கிலோபாஸ்கல் ஜெல்லில்தான் தசைக்குழல்களில் வரிகள் தெளிவாக வருகின்றன, மிக மென்மையான ஜெல்லிலும் கண்ணாடியிலும் வருவதில்லை என்று காட்டினார்கள். அதே ஆய்வில் ஒரு நுட்பம்: கண்ணாடிமேல் ஒட்டிய அடிக்குழல்களின் முதுகில் படுத்து வளர்ந்த மேலடுக்குக் குழல்களில் வரிகள் வந்தன. அடியில் இருந்த செல்லே அவற்றுக்கு மென்மையான மெத்தை ஆகிவிட்டது. இந்த அளவுகோலில் பார்த்தால் வளர்ப்புத் தட்டின் பாலிஸ்டைரீன் கிகாபாஸ்கல் கணக்கில் இருக்கிறது. எல்லோரும் சால் வார்க்கும் பிடிஎம்எஸ் சிலிக்கோன் வழக்கமான 10:1 கலவையில் 2 மெகாபாஸ்கல் அளவில் இருக்கிறது. தசையைவிட நூறு மடங்குக்கும் மேல். ஆகவே பிடிஎம்எஸ் சால்களில் முதிர்ச்சி போதவில்லை என்றால் சாலின் அளவை மாற்றிக்கொண்டே இருப்பதில் பயனில்லை; பொருளை மாற்ற வேண்டும்.

செய்முறை. லித்தோகிராஃபி (ஒளியால் நுண்வடிவம் பதிக்கும் முறை) வசதி இல்லாதவர்களுக்கு எளிய அச்சு, பதிவுசெய்யக்கூடிய வெற்றுக் குறுவட்டு. அதன் பாலிகார்பனேட் முகத்தில் 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளியில் தொடர் சால் ஏற்கெனவே இருக்கிறது, டிவிடியில் 0.74 மைக்ரோமீட்டர். கடையில் பாட்டோடு வரும் அச்சிட்ட குறுவட்டு ஆகாது. அதில் தொடர் சாலுக்குப் பதில் துண்டு துண்டான குழிகள் இருக்கும். உலோகப் படலத்தைப் பிசின் நாடாவால் உரித்து, சாயத்தை எத்தனாலால் கழுவ வேண்டும். அசிட்டோன் கூடவே கூடாது, பாலிகார்பனேட்டை அது அரித்துவிடும். இரண்டு குறைகளை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ஆழம் கால் மைக்ரோமீட்டருக்கும் குறைவு, எனவே ஒழுங்கு ஓரளவுதான் வரும். சால் வளைந்து ஓடுகிறது: மையத்திலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி வெட்டிய 1 சென்டிமீட்டர் துண்டில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் திசை சுமார் 11 டிகிரி மாறும். ஓரத்திலிருந்து வெட்டுங்கள், ஒவ்வொரு படத்துக்கும் சாலின் திசையைத் தனியாகக் குறியுங்கள்.

5, 10 மைக்ரோமீட்டர் சால்களுக்கு சிலிக்கான் வில்லைமேல் எஸ்யூ-8 என்ற, ஒளி பட்டால் இறுகும் பிசினில் செய்த அச்சு வேண்டும். 10 மைக்ரோமீட்டர் வரை உயர்தெளிவு அச்சுப்படலம் முகமூடியாக (ஒளியைத் தேவையான இடத்தில் மறைக்கும் தகடாக) சமாளிக்கும். அதற்குக் கீழே குரோம் முகமூடிதான். புதிய அச்சுக்கு ஃபுளோரோசிலேன் ஆவிப்பூச்சு கொடுக்காமல் பிடிஎம்எஸ் ஊற்றினால் முதல் உரிப்பிலேயே அச்சு பாழ்.

பிடிஎம்எஸ் அடிப்பொருள் 10 பங்கு, கடினமாக்கி 1 பங்கு, எடைக் கணக்கில். இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் கலக்கி, குமிழி நிற்கும் வரை அரைமணி நேரம் வெற்றிடத்தில் வைத்து, அச்சில் ஊற்றி 65 டிகிரியில் 4 மணி நேரம், முடிந்தால் இரவு முழுக்க. உரிக்கும்போது சாலின் நீளவாக்கில் உரிக்க வேண்டும். குறுக்கே இழுத்தால் வரப்பின் விளிம்புகள் கிழியும். பிறகு எத்தனாலில் ஒரு நாள் ஊறவைத்து உலர்த்தினால், இறுகாமல் மிஞ்சிய சிலிக்கோன் வெளியேறும். இந்தப் படியைத் தவிர்த்தவர்கள் மூன்றாம் நாள் செல்கள் உருண்டு மிதப்பதைப் பார்த்துவிட்டு ஊடகத்தைக் குறை சொல்வார்கள்.

அடுத்து, பரப்பை நீர் ஒட்டும்படி மாற்ற ஆக்சிஜன் பிளாஸ்மா, 30 முதல் 60 நொடி. இதன் பலன் சில மணி நேரத்தில் மங்கத் தொடங்கும், ஆகவே உடனே புரதம் பூசுங்கள்: லாமினின் 10 முதல் 20 மைக்ரோகிராம்/மி.லி., அல்லது கொலாஜன்-1 50 முதல் 100 மைக்ரோகிராம்/மி.லி., 37 டிகிரியில் இரண்டு மணி நேரம். வாரக்கணக்கில் வளர்க்க வேண்டுமானால் வெறும் படிவு போதாது. டோபமைன் 2 மி.கி./மி.லி., 10 மில்லிமோலார் டிரிஸ் கரைசல், பிஎச் 8.5, சில மணி நேரம் ஊறவிட்டுக் கழுவி, அதன்மேல் லாமினின் பூசினால் பிடிப்பு நன்றாக நிற்கும்.

இங்கே யாரும் எழுதிவைக்காத ஒரு சிக்கல் உண்டு. சால்களுக்குள் காற்று சிக்கிக்கொள்ளும். நீர்விலக்கும் பரப்பில் கரைசல் வரப்புகளின் தலையில் மட்டும் உட்கார்ந்திருக்கும்; சாலின் அடியில் புரதமும் போகாது, செல்லும் போகாது. முதலில் 70 சதவீத எத்தனாலால் நனைத்து, உலரவிடாமலேயே உப்புத்தாங்கல் கரைசலால் மூன்று முறை மாற்றி, பிறகு புரதக் கரைசலை விடுங்கள். நுண்ணோக்கியில் சால்கள் வெள்ளி போல மின்னினால் காற்று இன்னும் இருக்கிறது.

பூச்சின் அளவையும் கணக்குப் போடுங்கள். 5 மைக்ரோமீட்டர் சால், 5 மைக்ரோமீட்டர் வரப்பு, 5 மைக்ரோமீட்டர் ஆழம் என்றால் ஒவ்வொரு 10 மைக்ரோமீட்டருக்கும் இரண்டு பக்கச் சுவர்கள் சேர்ந்து இன்னொரு 10 மைக்ரோமீட்டர் வருகிறது. அதாவது உண்மைப் பரப்பளவு இரு மடங்கு. அதே அளவு புரதத்தை ஊற்றினால் சால் பரப்பில் படிவு பாதியாகலாம். அப்போது தெரியும் வேறுபாடு வடிவத்தால் வந்ததா, புரதக் குறைவால் வந்ததா என்று சொல்லமுடியாது.

செல்கள்: சுண்டெலியிலிருந்து வந்த சி2சி12 என்ற மயோபிளாஸ்ட் செல்வரிசையோடு தொடங்குவது வழக்கம். சதுர சென்டிமீட்டருக்கு 20,000 செல்கள்; 24 குழித் தட்டில் ஒரு குழிக்கு ஏறத்தாழ 40,000. விதைத்தவுடன் அடைகாப்பு அறைக்குள் வைக்காமல் சமமான மேசையில் கால் மணி நேரம் அசையாமல் விட்டால் செல்கள் ஓரத்தில் குவியாது. வளர்ப்புக் கட்டத்தில் அதிக குளுக்கோஸ் கொண்ட டிஎம்ஈஎம் ஊடகம், 10 முதல் 20 சதவீதக் கன்றுக்கரு சீரம். இருப்புச் செல்களை 70 சதவீதத்துக்கு மேல் ஒருபோதும் நெருங்கவிடாதீர்கள். ஒருமுறை நெருக்கினால் இணையும் திறனுள்ளவை இணைந்து தொலைந்துவிடும், இணையாதவை பெருகி மிஞ்சும். சில கைமாற்றங்களுக்குப் (புதுத் தட்டுக்கு மாற்றி வளர்த்தல்) பிறகு எந்தப் பரப்பிலும் குழல் வராது.

ஒரு நாளுக்குள் செல்கள் சாலின் திசைக்குத் திரும்பியிருக்க வேண்டும். இடம் இருக்கும்போதுதான் அவை தரையைக் கேட்கும். நெருக்கம் வந்தபின் பக்கத்துச் செல்லைத்தான் கேட்கும். அதனால்தான் மிக அடர்த்தியாக விதைத்தால் நல்ல சாலிலும் சுழிகள் வருகின்றன. 80 முதல் 90 சதவீதம் மூடியதும், இணைவைத் தூண்டும் 2 சதவீதக் குதிரை சீர ஊடகத்துக்கு மாற்றுங்கள். முன்னதாக மாற்றினால் செல்கள் ஒன்றையொன்று எட்டாமல் குட்டையான குழல்கள் வரும். மிகப் பிந்தினால் படலம் தடித்துத் தானே சுருங்கத் தொடங்கும். மூன்றாம் நாள் குழல்கள் தென்படும், ஐந்தாறு நாளில் தடிக்கும், சில துடிக்கவும் செய்யும்.

பிறகு வரும் தலைவலி, உரிதல். ஏழு முதல் பத்து நாளுக்குள் படலம் ஓரத்திலிருந்து பாய் போலச் சுருண்டு எழும். ஒழுங்கு நன்றாக இருப்பதே இதற்குத் துணைபோகிறது: எல்லாக் குழலும் ஒரே பக்கம் இழுப்பதால் இழுவிசை முழுக்கச் சாலின் இரு முனைகளில் வந்து சேர்கிறது. பிடிஎம்எஸ்ஸில் இதைச் சில நாள் தள்ளிப்போடலாம், அவ்வளவே. உண்மையான தீர்வு ஜெலட்டினில் சால் வார்ப்பது. 10 சதவீத ஜெலட்டினோடு 4 சதவீத நுண்ணுயிர் டிரான்ஸ்குளூட்டமினேஸ் கலந்து, கண்ணாடித் துண்டுக்கும் சால் பதித்த பிடிஎம்எஸ் முத்திரைக்கும் இடையே ஊற்றி, அறை வெப்பத்தில் இரவு முழுக்க இறுகவிட்டு, நீரில் நனைத்துக்கொண்டே முத்திரையைப் பிரிக்க வேண்டும். நொதி கலந்தவுடன் கரைசல் தடிக்கத் தொடங்கும் என்பதால் ஊற்றும் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடுங்கள். இப்படிப்பட்ட சால்களில் சி2சி12 குழல்கள் மூன்று வாரம் உரியாமல் நின்றதாக 2016-ல் வெளியான ஆய்வு காட்டியது. விறைப்பும் தசைக்கு அருகே வருகிறது, செல்லுக்கு ஒட்டும் இடமும் ஜெலட்டினிலேயே இருக்கிறது. தேர்வு கைவசம் இருந்தால் பிடிஎம்எஸ்ஸை முத்திரையாக மட்டும் வைத்துக்கொண்டு செல்களை ஜெலட்டினில் வளர்ப்பதே மேல்.

மின்புல நூற்பு நார்கள், அதாவது உயர் மின்னழுத்தத்தால் பாலிமர் கரைசலை இழுத்துச் சுழலும் உருளைமேல் படியவிட்ட நார்கள், வேறு வகை. பாலிகேப்ரோலாக்டோன் 8 முதல் 12 சதவீதம், 15 கிலோவோல்ட் அளவு, மணிக்கு 1 மி.லி., சுமார் 15 சென்டிமீட்டர் தூரம் என்பது தொடக்கப் புள்ளி. ஒழுங்கைத் தீர்மானிப்பது உருளையின் சுழற்சி எண்ணிக்கையைவிட அதன் விளிம்பு வேகம்: 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழன்றால் விளிம்பு நொடிக்கு 10 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். இதற்கு மிகக் கீழே போனால் நார்கள் வலைபோல விழும். மிக மேலே போனால் அறுந்து பறக்கும். இந்தப் பாலிமர் 60 டிகிரியில் உருகும், ஆட்டோகிளேவில் வைத்தால் கட்டியாகிவிடும். 70 சதவீத எத்தனாலும் புறஊதா ஒளியும்தான் வழி. நார் விரிப்பு அடர்த்தியானால் செல்கள் உள்ளே இறங்காமல் மேலேயே ஒற்றை அடுக்காக நிற்கும்; முப்பரிமாணச் சாரம் என்ற பெயரில் இரு பரிமாண வளர்ப்புதான் நடக்கும்.

மனிதத் தசையிலிருந்து எடுத்த முதன்மைச் செல்களுக்கு வந்தால் இன்னொரு பொறி. கூடவே வரும் ஃபைப்ரோபிளாஸ்ட்டுகள் (இணைப்புத்திசுச் செல்கள்) சால்களில் மயோபிளாஸ்ட்டைப் போலவே, பல நேரம் அதைவிட நன்றாக, வரிசைப்படும். தசை வழிச் செல்லை அடையாளம் காட்டும் டெஸ்மின் புரதத்துக்குச் சாயம் போட்டு எத்தனை பேர் உண்மையில் தசை வழியினர் என்று எண்ணாமல் ஒழுங்கை மட்டும் பார்த்தால் தழும்புத் திசுவை வளர்த்துவிட்டுத் தசை என்று மகிழ நேரும்.

அளப்பதில் மூன்று எண்கள் தனித்தனியாக வேண்டும். ஒன்று, திசை: சாலுக்கு இருபுறமும் 10 டிகிரிக்குள் கிடக்கும் செல்கள் எத்தனை சதவீதம். முற்றிலும் தாறுமாறாக இருந்தாலே 11 சதவீதம் வரும் என்பதை ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, இணைவுக் குறியீடு: மயோசின் என்ற தசைப் புரதத்தைக் காட்டும், இரண்டுக்கு மேல் உட்கரு கொண்ட குழல்களுக்குள் உள்ள உட்கருக்களை மொத்த உட்கருக்களால் வகுத்தது. மூன்று, சார்கோமியரின் எல்லைக் கோட்டைக் காட்டும் ஆல்ஃபா ஆக்டினின் சாயத்தில் வரித்தன்மை தெரியும் குழல்களின் விகிதம். முதல் எண் உயர்ந்து மற்ற இரண்டும் நகராமல் இருப்பது மிகச் சாதாரணம். அதை அப்படியே எழுதுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

திசையைக் கணினி நிரலால் அளப்பவர்கள் கட்ட மாறுபாட்டுப் படத்தை (சாயமில்லாமல் எடுக்கும் சாதாரண நுண்ணோக்கிப் படத்தை) கொடுக்காதீர்கள். சால்களே கோடுகளாகத் தெரிவதால் நிரல் சாலை அளந்து 95 சதவீத ஒழுங்கு என்று சொல்லிவிடும். ஆக்டின் அல்லது உட்கரு ஒளிர்படம்தான் கொடுக்க வேண்டும். ஒப்பீட்டுப் பரப்பு, அதே பொருளில் அதே நாளில் வார்த்து அதே பூச்சுக் கொடுத்த தட்டையான துண்டாக இருக்கட்டும். பாலிஸ்டைரீன் தட்டோடு ஒப்பிட்டால் விறைப்பும் வேதியியலும் சேர்ந்து மாறிவிடும். தட்டையான பரப்பில் சில மில்லிமீட்டர் அகலத்துக்குப் படங்களை ஒட்டிப் பாருங்கள், ஒரு சின்னக் கட்டத்தை மட்டும் பார்த்தால் திட்டுக்குள் இருக்கும் இயல்பான ஒழுங்கு ஏமாற்றும்.

இத்தனையும் ஒரு சில செல் அடுக்குக்குத்தான் பொருந்தும். தரையில் பதித்த சால் இரண்டாவது மூன்றாவது அடுக்குக்கு மேல் பேசாது. அங்கே கீழே உள்ள குழலின் திசையும் இழுவிசையும்தான் வழிகாட்டி. மில்லிமீட்டர் தடிமனுள்ள தசை வேண்டுமென்றால் செல்களை ஃபைப்ரின் அல்லது கொலாஜன் ஜெல்லில் கலந்து இரண்டு தூண்களுக்கு இடையே பிடித்துக் கட்டுவது நடைமுறை வழி. ஜெல் சுருங்கும்போது எழும் இழுவிசையே உள்ளே உள்ள செல்களையெல்லாம் வரிசைப்படுத்திவிடுகிறது, சால் எதுவும் தேவைப்படுவதில்லை. சால் பரப்பு தன் மதிப்பைக் காட்டுவது மருந்துச் சோதனைத் தட்டுகளிலும், நுண்ணோக்கியில் தெளிவாகப் பார்க்க வேண்டிய ஒற்றை அடுக்கு ஆய்வுகளிலும், பின்னர் உரித்து அடுக்கப்போகும் மெல்லிய படலங்களிலும்தான்.